அவர் அழிக்கச் சொன்ன பத்தி

செத்துப்போன வெள்ளைக்காரர் ஒருவர் என் காதுக்குள் குடியிருக்கிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "செம்பாக்கத்துல இருந்துக்கிட்டு லண்டன் பேய் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்துட்டியா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பீன்ஸ் நறுக்கும்போது அந்தக் குரல் கேட்கும். உடனே என் வலது கால், அங்கே இல்லாத பெடலைத் தேடி மிதிக்கும்.

பெடல்தான் என் பிழைப்பு. ஜிஎஸ்டி ரோடு ஓரத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், பல நாடுகளில் கிளை பரப்பிய ஒரு வக்கீல் நிறுவனத்தின் டைப்பிங் பிரிவு இருக்கிறது. லண்டனில் வக்கீல்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவதை, இங்கே நாங்கள் ஹெட்போனில் கேட்டு டைப் செய்வோம். பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் அவர்களே சொல்வார்கள். "அதை அழித்துவிடு" என்றால் அந்தப் பத்தியை அழித்துவிட வேண்டும்; ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஒலிப்பதிவும் போய்விடும்.

என் காதுக்குள் இருப்பவர் அந்த நிறுவனத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, நிறுவனத்தின் வரலாற்றை எழுதித்தரச் சொன்னார்கள். அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லி அனுப்பினார். முழுக்க டைப் செய்தது நான்தான். மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேசையோடு ஆரம்பித்தது, கடல்தாண்டிப் போட்ட முதல் கிளை, பிறகு இன்னொரு பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அழகாகச் சொல்வார். நடுவில் டீ உறிஞ்சும் சத்தம்கூட எனக்குப் பழகிப்போனது.

அந்த இணைப்பு அத்தியாயத்தில்தான் வண்டி நின்றது. அவரோடு சேர்ந்து நிறுவனத்தை வளர்த்த கூட்டாளி ஒருவர் இணைப்பை எதிர்த்தார். பங்குதாரர்கள் கூடி, ஓட்டெடுத்து அவரை வெளியேற்றினார்கள். "என் நண்பனுக்கு எதிராகக் கை தூக்கினேன், கமா, அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபுல்ஸ்டாப். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, கமா, எனக்குத் தலைவர் பதவி வேண்டியிருந்தது, ஃபுல்ஸ்டாப்." அப்புறம் அழுதார். மூக்கை உறிஞ்சினார். "அதை அழித்துவிடு" என்றார்.

அழித்தேன். மறுநாள் அதே அத்தியாயம் மறுபடி வந்தது. அதே வார்த்தைகள், அதே அழுகை, அதே உத்தரவு. அடுத்த வாரமும் அப்படியே. அட கடவுளே, சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு மனுஷன் இப்படியா தவிப்பார்! கடைசியில், கூட்டாளி தம் விருப்பப்படி விலகினார் என்ற ஒற்றை வரிதான் புத்தகத்துக்குப் போனது. புத்தகம் அச்சாகி வருவதற்குள் இவரும் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்துதான் இந்தக் குரல். தாம்பரம் ஸ்டேஷன் படியில் கூட்டத்தோடு இறங்கும்போது, "என் நண்பனுக்கு எதிராக" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். திடுக்கிட்டுத் திரும்பினால் சுண்டல் விற்கிறவர் நிற்பார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரிடம் முறையிட்டேன், அவருக்கும் அடங்கவில்லை. அந்த வார்த்தைகள் உலகத்தில் இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

ஒரு மதியம் டீம் லீடர் ஓடி வந்தாள். என்னைவிடச் சின்னவள். "அக்கா, லண்டன்லேர்ந்து வீடியோ கால். அந்த வெளிய அனுப்புன பார்ட்னரோட பொண்ணு. புக்கை டைப் பண்ணவங்ககிட்டப் பேசணுமாம். என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. கான்ஃபிடென்ஷியல்க்கா, பேஜாராயிடும்."

திரையில் தலை நரைத்த பெண்மணி. "சாவதற்கு முன்னால் அவர் எனக்கு ஃபோன் செய்தார்," என்றார். "'உன் அப்பாவைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டேன், புத்தகத்தில் வரும்' என்றார். வரவில்லை. அப்பா ஏதோ தப்பு செய்துதான் துரத்தப்பட்டார் என்று என் அம்மா இன்னும் நம்புகிறார். அம்மாவுக்கு அதிக நாள் இல்லை. அவர் நிஜமாகவே ஏதாவது சொன்னாரா?"

டீம் லீடர் என் தோளை அழுத்தினாள். நான் வாயைத் திறந்தேன். வந்தது என் இங்கிலீஷ் இல்லை. அவருடைய நிதானம், அவருடைய இழுப்பு. "என் நண்பனுக்கு எதிராகக் கை தூக்கினேன், கமா" என்று தொடங்கி, கடைசி ஃபுல்ஸ்டாப் வரை சொல்லி முடித்தேன். மேசைக்கடியில் என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அப்படியானால் புத்தகத்தில் ஏன் இல்லை?"

அவரே அழிக்கச் சொன்னார் என்பதுதான் உண்மை. அழுதுகொண்டிருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? "நான்தான் மேடம், டைப் பண்ணும்போது விட்டுட்டேன்" என்றேன்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று டீம் லீடர் தலையில் கை வைத்தாள். வேலை போகவில்லை. ஹெட்போனை வாங்கிக்கொண்டு, பழைய கோப்புகளை ஸ்கேன் செய்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரர் குரலும் அன்றோடு நின்றுபோனது.

இப்போது கேட்பது அந்த லண்டன் பெண்மணியின் குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையை அணைக்கும் முன்பு அவர் சொன்னது: "பரவாயில்லை, உங்கள் மேல் கோபமில்லை. கடைசியில் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது, பாருங்கள். அதையும் அம்மாவிடம் சொல்வேன்."