இரண்டாம் முறை வைத்த எலிகள்

எழுதப் பழகாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். நான்கு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள். ஆனாலும் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்: ஒரு மருந்தைக் கெடுத்தது நான்தான்.

எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே பார்க்கின்சன் நோய்க்கு ஒரு மருந்தைச் சோதித்தார்கள். எலிகளுக்கு ஊசி போட்டு அந்த நோயை வரவழைத்தார்கள். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று எனக்குச் சொல்லவில்லை.

சுழலும் உருளையில் எலியை நிறுத்தி, எத்தனை விநாடியில் விழுகிறது என்று எழுதுவது என் வேலை. முதல் முறை விழுந்ததைத்தான் எழுத வேண்டும்.

சில எலிகள் வைத்தவுடனே விழுந்தன. உடம்பு விறைத்து, காலை எடுத்துவைக்க முடியாமல்... அதே நோய் வந்த என் அண்ணன் குளியலறை வாசலில் நிற்பது போலவே இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி நடந்த கால்கள் அவருடையவை.

"ஏம்மா, ஒன் எலி என்னைவிட நல்லா நடக்குதா?" என்று தினமும் கேட்பார்.

விழுந்தவற்றைத் தடவிக்கொடுத்து மறுபடி வைத்தேன். நான் சரியாக வைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறை கூடுதல் நேரம் நின்றன. அந்த எண்ணையே எழுதினேன். இதை இரக்கம் என்றா சொல்வது?

நன்றாக நின்ற எலிகளுக்கு இரண்டாம் முறை தேவைப்படவில்லை. அவற்றுக்குத்தான் மருந்து போயிருக்குமோ என்று நான் யோசிக்கவே இல்லை.

கடைசியில் சோதனையை நடத்திய டாக்டர் என் தாள்களைப் பார்த்துச் சோர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரிதான் இருக்கு அக்கா. மருந்து வேலை செய்யல லா. நிறுத்திடலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: விழுந்தவற்றின் எண்ணை ஏற்றி எழுதி, இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கியவள் நான்தான். வாய்வரை வந்தது. "சரிங்க டாக்டர்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயமா? அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அண்ணனிடம், "மருந்து சரியில்லண்ணே" என்றேன்.

"போனா போது லா. எலிதானே தோத்துச்சு, நான் இல்லையே. நீ ஏன் மூஞ்ச தொங்கப் போடுற?"

அந்த மருந்து வேலை செய்திருக்குமா... யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தவள் நான். இப்போது அண்ணனுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். விழுங்க நேரமாகும். கையில் அடுத்த வாய்ச் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அவரிடம் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாள், சோதனை முடிந்துவிட்டதென்று எலிகள் எல்லாவற்றையும் கொன்றார்கள். நான் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.