பணிஸும் தூக்க மருந்தும்

என் மகளுக்கு நாலு வயதில், காய்ச்சல் நேரத்தில், இரண்டு தடவை வலிப்பு வந்தது. தலையில் வயர்களை ஒட்டி மூளையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை அசையாமல் கிடப்பதற்குத் தூக்க மருந்து பருக்குவார்களாம். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னார்கள். கணவர் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. நான் தனியாகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன்.

கிராண்ட்பாஸ் தாண்டுமுன் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். யாழ்ப்பாண விலாசம் போட்ட என் அடையாள அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மறுபடி ஏறியபோது மகள் பசியில் கத்தினாள். பக்கத்திலிருந்த முஸ்லிம் அம்மா பையிலிருந்து பணிஸ் ரொட்டி ஒன்றை எடுத்து, "புள்ளக்கிப் பசி போல, தின்னட்டும்" என்று அவள் கையில் வைத்தார். நான் வாய் திறப்பதற்குள் பாதி போய்விட்டது. மீதியைப் பறிக்க மனம் வரவில்லை.

பொரளை ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் முதல் வேலையாக அதைச் சொன்னேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவரோ, "பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்துக் குடுப்பம்" என்றார்.

பிறகு மருந்து கொடுத்தார்கள். அது அவளைத் தொடவே இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த நீள வாங்கில் ஏறிக் குதித்தாள், பாட்டுப் பாடினாள். எங்களுக்குப் பின் வந்த பிள்ளைகளெல்லாம் தூங்கி, சோதனையும் முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

"டொக்டர், இன்னும் கொஞ்சம் மருந்து குடுக்கேலாதோ?"

"வேண்டாம் அம்மா. வயித்தில சாப்பாடு கிடந்தா மருந்து மெல்லமாத்தான் ரத்தத்தில சேரும். சேராமல் விடாது. இப்ப இன்னொருக்காக் குடுத்து, ரெண்டும் ஒண்டாப் பிடிச்சுதெண்டா பிள்ளை மூச்சு விடவே கஷ்டப்படும். இருந்து பாப்பம்."

இருந்தோம். பாடிக்கொண்டிருந்தவள் ஒரு வரியின் நடுவில் நிறுத்தி என் தோளில் சாய்ந்தாள். கை தளர்ந்து தொங்கியது. தாதி ஓசைப்படாமல் வந்து அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சோதனையில் பழுது எதுவும் இல்லை. காய்ச்சலோடு வருகிற வலிப்புத்தான், வளர வளர விட்டுப்போகும் என்றார் டொக்டர். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தானாக எழும்பும் வரை வைத்திருந்துதான் விட்டார்கள். மகள் கண்ணைத் திறந்து என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் சிரிக்கிறீங்கள்?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.