ரூத் மறுபடி குதித்த ஞாயிறு

1986 மார்ச் மாதம் என் மகள் ரூத், பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்தில் ஒரு பந்துக்காக எகிறிக் குதித்தாள். எதிரணிப் பெண் ஒருத்தியின் மேல் மோதி விழுந்தாள். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், கால் சரியாகிவிட்டது, விளையாடலாம் என்றார்.

ரூத் விளையாடவில்லை. பந்தைப் பிடிப்பாள், எறிவாள், குதிக்க மாட்டாள். யாராவது பக்கத்தில் வந்தாலே ஒதுங்கிவிடுவாள். அணியிலிருந்து அவளாகவே விலகினாள். பதினாறு வயதுப் பிள்ளை, சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீடு அவள் சிரிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அரசாங்க இலாகாவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கு எந்த விண்ணப்பப் பாரம், எத்தனை பிரதி, யார் கையொப்பம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பயத்துக்கு மட்டும் பாரம் இல்லை. அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் கேட்டு மூன்று சங்கங்களுக்கு எழுதினேன். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று மூன்றும் பதில் போட்டன. நானே எத்தனையோ பேருக்கு எழுதிய வரி அது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

முழங்காலில் நின்றேன். அழுதேன். அழுதுகொண்டே கர்த்தரிடமும் நிபந்தனைகளை வரிசையாக வைத்தேன்: பயிற்சியாளர் பெண்ணாக இருக்க வேண்டும், விசுவாசியாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் பக்கத்தில், சனிக்கிழமை மாலையில்.

அடுத்த வாரம் நாலாவது சங்கத்துக்கான கடிதத்தை நேரில் கொடுக்க சுங்கை வே தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். முகவரி அகப்படவில்லை. ஒரு தொழிற்சாலையின் கூடைப்பந்துத் தளத்தில், வேலைச் சீருடையோடு ஒரு தமிழ்ப் பெண் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. பெயர் லெட்சுமி, தொழிற்சாலை அணியின் தலைவி. அவளிடம் வழி கேட்டேன். என்ன விஷயம் என்றாள். கடிதத்தையே நீட்டினேன்.

"அங்கிள், மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. முழுக்க 'மேற்படி மாணவி'ன்னே இருக்கு. பிள்ளைக்குப் பேரு இல்லையா?"

வாங்கிப் பார்த்தேன். என் அடையாள அட்டை எண் இருந்தது. பென்ஷன் எண் இருந்தது. ரூத் இல்லை. முந்திய மூன்று கடிதங்களும் இதே நகல்தான்.

"ரூத்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம காலையில ரூத்த கூட்டிட்டு வாங்க. எனக்கு அன்னிக்குத்தான் ஷிப்ட் இல்ல."

ஞாயிறு காலை! ஆராதனை நேரம். நானோ சபைச் செயலாளர். பாஸ்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போயிட்டு வாங்கண்ணே. சாயங்கால ஆராதனையும் கர்த்தருக்குத்தான நடக்குது" என்றார்.

அந்த ஞாயிறு ரூத்தைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கூட்டிப் போனேன். முதலில் படியிலிருந்து குதித்து இரண்டு காலில் இறங்குவது மட்டும். பிறகு பந்தோடு குதிப்பது. தனியாக இருந்தால் ரூத் குதித்தாள். எதிரே லெட்சுமி வந்து நின்றால் அவள் கால் தரையை விட்டு எழவில்லை. ஐந்தாம் ஞாயிறு, ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்த என் பக்கம் லெட்சுமி திரும்பினாள்.

"அங்கிள், நோட்டுல எழுதுனது போதும்லா. வந்து கூடைக்குக் கீழ நில்லுங்க."

"எனக்கு ஆட்ட விதி தெரியும்மா. ஆடத் தெரியாது."

"நிக்கத் தெரியும்ல? கைய தூக்குங்க."

காலில் கிடந்த ஆபீஸ் சப்பாத்தோடு போய் நின்றேன்.

"டாடி, தள்ளிப் போங்க. அடிபட்டுடும்" என்றாள் ரூத்.

"பரவால்ல. வாம்மா ரூத்."

ஓடி வந்தாள். எழுந்தாள். அவள் தோள் என் நெஞ்சில் இடித்தது. தோல் சப்பாத்து வழுக்கி மல்லாந்து விழுந்தேன். பந்து கூடைக்குள் புகுந்து நேராக என் வயிற்றில் இறங்கியது. ரூத் இரண்டு காலிலும் உறுதியாக நின்றாள். பதறிக் குனிந்தவள், என் மூக்குக் கண்ணாடி ஒற்றைக் காதில் தொங்குவதைப் பார்த்தாள். சிரித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"ஃபவுல் அங்கிள் மேலதான்!" என்று கத்தினாள் லெட்சுமி.

படுத்தபடியே ஸ்தோத்திரம் சொன்னேன். ரூத் விழக்கூடாது என்று ஜெபித்திருந்தேன். யார் விழ வேண்டும் என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ரூத் பள்ளி அணிக்குத் திரும்பினாள். லெட்சுமி கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுகிறாள். தீபாவளிக்கு நாங்கள் அவள் வீட்டில். என் ஜெபமும் சுருங்கிவிட்டது. பெயரைச் சொல்கிறேன், பிறகு வாயை மூடிக்கொள்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சிரிக்காமல் இருந்தால் கர்த்தரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பிரதி என்று யோசிக்க வேண்டாம். அங்கே எதுவும் பரிசீலனையில் கிடப்பதில்லை. ரப்பர் சப்பாத்து மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.