கூடைக்கு இடப்பக்கத்து ஈரம்

மேலாளரே, நீங்கள் பொய்யர். அந்தப் பெடியனின் முழங்காலை உடைத்தது அவனுடைய அவசரம் அல்ல. உங்கள் கூரை. அதற்குப் பிறகு, என் வாய்.

ஆம்... என் வாய். ஒரே ஒரு சொல். இரண்டு வருடமாக அதை ஒளித்து வைத்திருக்கிறேன்.

வாசிக்கிற உங்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எசனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். அங்கே ஒரு தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம். அதன் மண்டபத்துக்கு நான் ஹவுஸ்மைஸ்டர். கதவு திறப்பது, தளம் துடைப்பது, விளக்குப் பார்ப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாள் முதல் எத்தனையோ வேலை பார்த்தேன். எல்லா இடத்திலும் என்னை விரல் சொடுக்கித்தான் கூப்பிட்டார்கள்.

மத்தேயோ மட்டும் "அண்ணை" என்றான்.

இத்தாலியின் தெற்கில் பிறந்தவன். பதினேழு வயதிலேயே ஊர் அணியின் பெரியவர்களோடு ஆடியவன். இருபதில் எங்களிடம் வந்தான், இரண்டு வருட ஒப்பந்தத்தில். முதல் பருவம் முடியும் முன்னரே ஸ்பெயினில் ஒரு பெரிய அணி அவனை விசாரித்தது. அவ்வளவு வேகம்! பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அணி வருவதற்கு முன் தினமும் காலையில் தனியாகப் பயிற்சி செய்வான். தனியாக ஆடுகிறவர் தளம் காய்ந்திருக்கிறதா என்று என்னைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். அது கழகத்தின் விதி. நானும் அவனும் பேசுவது ஜெர்மனில். ஆனால் இந்த ஒரு கேள்வியைத் தமிழில் கேட்டுப் படித்து வைத்திருந்தான்.

"அண்ணை, காய்ஞ்சிட்டுதோ?"

"ஓம் ராசா, ஓடு."

"காய்ஞ்சிட்டுதோ?" என்று கண்ணைச் சிமிட்டி மறுபடி கேட்பான்.

"டேய், உனக்கு முதல் எழும்பினவன் நான். ஓடடா!"

கூரை ஒழுகியது. கூடைக்கு இடப்பக்கம், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடம் நனையும். மூன்று தடவை மேலாளரிடம் சொன்னேன். "இந்தப் பருவம் போகட்டும். துடைத்துவிடு. வெளியே பேசாதே" என்றார். துடைத்தேன். பேசவில்லை.

இன்னொன்றும் செய்தேன். தளத்தைப் பார்த்து நாள்தோறும் அடையாளம் இட ஒரு பட்டியல் உண்டு. நான் திங்கட்கிழமை காலையிலேயே ஏழு நாளுக்கும் 'காய்ந்திருக்கிறது' என்று அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்துவிடுவேன். நான் பார்த்த ஹவுஸ்மைஸ்டர்கள் பலரும் அப்படித்தான். அது தப்பிக்க ஒரு சாட்டா? இல்லை.

அன்று வியாழன். இரவெல்லாம் மழை. நான் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்திருந்தேன்.

"அண்ணை, காய்ஞ்சிட்டுதோ?"

"ஓம்."

தலையை நிமிர்த்தக்கூட இல்லை! அதுதான் அந்தச் சொல்.

பந்து ஒரு தடவை தட்டியது. இரண்டு. மூன்று. நான்காவது சத்தம் வரவில்லை... சப்பாத்து கீச்சிட்டது. பிறகு ஏதோ முறிகிற சத்தம்.

ஓடினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைத் துடைத்தேன். அவன் கிடந்தான். அவனுடைய காலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுத் துடைத்தேன்! அவன் கத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டான்.

"காய்ஞ்சிட்டுதோ... அண்ணை?"

"ஓம்" என்றேன். இரண்டாம் தடவை.

விசாரணையில், தான் ஒருவரையும் கேட்காமல் இறங்கியதாக மத்தேயோ சொன்னான். என் வேலை போய்விடும் என்று எனக்காகப் பொய் சொன்னான். மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். தளம் காய்ந்திருந்தது என்பதற்கு என் பட்டியலைக் காட்டினார். அவசரப்பட்டு விதியை மீறியவன் என்று ஒப்பந்தத்தை முறித்தார். நான் அதே அறையில் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஸ்பெயின்காரர்கள் பிறகு அழைக்கவில்லை. இரண்டு சத்திரசிகிச்சை. இப்போது தகப்பனின் டயர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறானாம்.

அவன் போன பிறகு கூரையைத் திருத்தினார்கள். அந்த இடத்துத் தளப் பலகையையும் மாற்றினார்கள்.

ஆனாலும் ஒவ்வொரு காலையும் அங்கே ஈரம் இருக்கிறது. அதே தட்டளவு. மழை பெய்யாத கோடையிலும் இருக்கிறது. மேலே ஒரு சொட்டுக்கூட இல்லை. துடைத்துவிட்டுத் துடைப்பானை வைக்கத் திரும்பினால் மறுபடியும்... ஒரு நாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. மழைத் தண்ணி உப்பாக இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்! பந்தை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தேன். தட்டி எழும்பியது. சத்தம் வரவில்லை.

எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். போன வாரம் என் மகளைக் கூட்டிப் போனேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, பேய் பிசாசு நம்பாதவள். குனிந்து உள்ளங்கையை வைத்தாள். கை நனைந்தது.

"அப்பா, உண்மையாவே ஈரம். எங்கால வருது?"

நான் மேலே கூரையைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்கள் தளத்தைப் பார்த்தனீங்களோ, இல்லையோ?"

"இல்லை."

கையை மேலங்கியில் துடைத்தாள். வீடு வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளே இதை ஜெர்மனில் எழுதித் தருவாள். மண்டபக் கதவில் நான் ஒட்டுவேன். மத்தேயோவுக்கும் ஒரு பிரதி போகும். அவன் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

மேலாளரே, சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் நான் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். பார்க்காமல் 'ஓம்' சொன்னவன் நான்தான் என்று எல்லோரும் கேட்கச் சொல்வேன். அதன் பிறகு நீங்கள் ஒலிவாங்கியை எடுங்கள். கூரை ஒழுகியது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தச் சனத்துக்கு முன்னால், அவனுடைய பெயரைச் சொல்லி, பதில் சொல்லுங்கள்!