உயரம் எனக்கு விருப்பம்

மொழிப் பரீட்சை, வேலைக்கான நேர்முகம், குடியுரிமைப் பரீட்சை என்று டென்மார்க்கில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பாடமாக்கியாவது பதில் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான் என்னை இருபது வருடமாக வதைத்தது. "உனக்காக நீ என்ன செய்கிறாய்?" என்பதே அது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

நான் ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை காலைகளில் வேலையாட்கள் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து சுடச்சுடப் பாணும் சீஸும் சாப்பிடுவோம். அப்போது ஒவ்வொருவரும் வார இறுதியில் தனக்காக என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல வேண்டும். எழுதி வைத்த விதி இல்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒருத்தி மட்பாண்டம் செய்வாள். ஒருத்தி பாட்டுக்குழுவில் பாடுவாள். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி குளிர்காலத்தில் கடலில் குளிப்பாள். திங்கட்கிழமை காலையில் ஈரத் தலையோடும் சிவந்த கன்னங்களோடும் வந்து, "தண்ணீர் இரண்டு பாகைதான், என்ன சுகம்!" என்பாள். மனத்துக்குள் நான் அவளுக்கு ஈரத்தலைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. ஒரு ஜனவரியில் நானும் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்து, ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் கழித்துத்தான் இந்த வெள்ளிக்கிழமை வழக்கம் தொடங்கியது. முதல் தடவை அந்தக் கேள்வி என்னிடம் வந்தபோது உண்மையைத்தான் சொன்னேன். சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளையின் பூப்புச் சடங்கு, சாமத்தியவீடு, அதற்கு இருநூறு ரோல்ஸ் பொரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோவில், பிறகு பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. "அது மற்றவர்களுக்காக. உனக்காக?" என்று ஒருத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய முகத்தில் இருந்த இரக்கத்தைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. உயரமான கிரேன் ஒன்றின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உயரம். எனக்கு உயரமான இடங்கள் விருப்பம்."

எல்லோரும் "ஆ!" என்றார்கள். பாண் தட்டு முதலில் என் பக்கம் வந்தது.

உண்மை என்னவென்றால், கதிரையில் ஏறித் திரைச்சீலை மாட்டவே எனக்குத் தலை சுற்றும். எங்கள் தீவிலிருந்து கடலைத் தாண்டி யூலாந்துக்குப் போகும் பாலத்தில் கார் ஏறினால் இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் சொன்ன பொய்க்கு அவ்வப்போது தீனி போட வேண்டுமே. கோபன்ஹேகனில் ஒரு கோபுரத்தடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டு, உச்சியில் நல்ல காற்று என்று வந்து சொன்னேன். இப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. வேலையிடத்தில் நான் உயரக்காரியாகிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று கேக் வெட்டி, கொடி வைத்து, கையில் ஒரு உறை தந்தார்கள். திறந்தேன். யூலாந்துக் கரையில் ஒரு துறைமுக ஊரில் உள்ள கசினோ ஹோட்டலின் படம் இருந்தது. பதினொரு மாடி. அதன் கூரையிலிருந்து கரையோரமாகத் தண்ணீரின் மேல் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியில் ஒரு மனுசன் சிரித்துக்கொண்டு தொங்கினான். ஸிப்லைன். எனக்கும், என்னோடு சேர்ந்து இருபத்தைந்து வருடம் முடித்த ஈரத்தலைக்காரிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள். மற்றவர்கள் எல்லோரும் மறுமுனையில் நின்று வரவேற்பார்களாம். என் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்து, சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் முழுப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பல்பு மாத்தவே என்னைக் கூப்பிடுற நீரோ உயரக்காரி?"

பிறகு அட்டையை வாங்கிப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கசினோவோ? இஞ்சரும், சனம் கண்டால் என்ன கதைக்கும்?"

"நான் செத்துப் போவன் எண்டு பயப்பிடுறன், நீங்கள் சனத்தைப் பற்றிக் கதைக்கிறியள்."

"நீர் செத்தாலும் கசினோவில செத்தவ எண்டுதானே கதைக்கும்."

அந்தச் சனிக்கிழமை பாலத்தில் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டே யூலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹோட்டலுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. என் கணவரோ இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் வைத்தியசாலையின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். நம்பர் பிளேட்டை யாராவது அடையாளம் கண்டால் பல்லுக்கு வந்ததாகச் சொல்லலாமாம். வெயில் இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டார்.

கசினோவின் வரவேற்பறைக்குள் நுழைந்து பத்து அடி வைத்திருக்க மாட்டோம். எதிரே ஒரு பெரிய பூச்சாடிக்குப் பின்னால் இன்னொரு கறுப்புக் கண்ணாடி. யூலாந்தில் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருக்கும் எங்கள் ஆள் ஒருவர். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடமாட்டார். சூதாட்டத்தால் சமூகம் சீரழிகிறது என்று போன வருடம்தான் அரை மணித்தியாலம் பேசியிருந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"அண்ணை, நீங்கள் இஞ்ச..." என்று என் கணவர் இழுத்தார்.

"டொய்லெட்டுக்கு வந்தனான் தம்பி. ரோட்டில போகேக்க அவசரமாப் போச்சு."

"நாங்களும் அதுக்குத்தான் அண்ணை."

மூன்று பேரும் தலையை ஆட்டினோம். அவர் கழிப்பறை இருந்த திசைக்கு நேரெதிர்த் திசையில் போனார். நான் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு லிஃப்ட்டில் ஏறினேன். கதவு மூடும் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது.

கூரையில் காற்று ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது. ஈரத்தலைக்காரி முன்னதாகவே வந்து நின்றாள். கை முழுவதும் பச்சை குத்திய ஒரு பெண் எங்களைத் தராசில் ஏற்றி, எடையைத் தடித்த பேனையால் புறங்கையில் எழுதினாள். கல்யாணம் ஆன நாள் முதல் கணவருக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்த எண் அது. உடனே ஜாக்கெட் கையை இழுத்து மறைத்தேன். சாகப் போகிற நேரத்திலும் மனுசருக்கு எது பெரிதாகப் படுகிறது பாருங்கள். பிறகு தொடையிலும் இடுப்பிலும் தோளிலும் வார் போட்டு இறுக்கி, தலையில் ஹெல்மெட் மாட்டி, கொக்கியைக் கம்பியில் கொளுவினாள். எங்களுக்கு முன்னால் இடுப்பளவில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே படகுகள் கடுகு மாதிரித் தெரிந்தன. தூரத்து மேடையில் என் வேலையிடத்துச் சனம் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நடக்கப் பயப்படும் முதியவர்களிடம், "ஒரு அடி மட்டும் வையுங்கள், நான் பிடிக்கிறேன்" என்று தினமும் சொல்லுகிறவள் நான். அதையே எனக்கும் சொல்லிப் பார்த்தேன். என் கால் என்னை நம்பவில்லை. திரும்பிப் போனாலோ, இருபது வருடப் பொய் கீழே கொடியோடு நிற்பவர்களுக்கு முன்னால் அம்பலமாகிவிடும். வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு அந்த மேசையில் இருப்பேன்? இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. ஈரத்தலைக்காரியின் பக்கம் திரும்பினேன்.

"நான் பொய் சொன்னேன்" என்று டெனிஷில் சொன்னேன். "எனக்கு உயரம் விருப்பம் இல்லை. பயம். கதிரையில் ஏறக்கூடப் பயம். எல்லாமே பொய்."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவளும் கைப்பிடியை விடவில்லை.

"நான் ஒருநாளும் குளிர்காலத்தில் கடலில் இறங்கியது இல்லை" என்றாள்.

"என்ன?"

"ஒருமுறை முழங்கால் வரை இறங்கினேன். கத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். வார இறுதி முழுக்க சோஃபாவில் படுத்து டிவி பார்ப்பேன். எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். நானும் சொல்ல வேண்டியிருந்தது."

"தலைமயிர்? திங்கட்கிழமை ஈரத் தலைமயிர்?"

"உடுப்பு மாற்றும் அறையில், குழாயடியில் நனைப்பேன்."

கட்டிப்பிடித்து அழ வேண்டிய இடம் அது. எனக்கு வந்ததோ கோபம்! உச்சந்தலை வரை ஏறிய கோபம். அந்த ஈரத் தலையைப் பார்த்துப் பார்த்து எத்தனை திங்கட்கிழமை என்னை நானே கேவலமாக நினைத்திருப்பேன்! ஒரு கிழமைக் காய்ச்சல்! அதற்குக் குடித்த கொத்தமல்லித் தண்ணீர்!

"திற கதவை!" என்றேன். பச்சை குத்திய பெண் பயந்துபோய்த் திறந்தாள். நான் போய்விட்டேன்.

தைரியத்தில் பாய்ந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் பாய்ந்தேன். கோபம் முதல் இரண்டு விநாடிக்குத்தான் வந்தது, பிறகு அது கூரையிலேயே நின்றுவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன். முருகனையும் கூப்பிட்டேன். பின்னால் ஈரத்தலைக்காரி ஒரே சுரத்தில் நீளமாகக் கத்திக்கொண்டு வருவது கேட்டது. கம்பி தலைக்கு மேல் கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குள் கீழேயிருந்து இன்னொரு சத்தம்.

"இஞ்சரும்! இஞ்சரும்!"

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான்.

"கண்ணைத் திறவும்! இஞ்சரும், கண்ணைத் திறவும்! வடிவா இருக்குது!"

நான் கண்ணை மூடியிருப்பது இத்தனை உயரத்தில் அவருக்கு எப்படித் தெரிந்தது? இருபது வருடமாக இந்த மனுசன் பக்கத்தில் இருந்துதானே நான் பாலம் கடக்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். கரையோரத்தில், பட்டப்பகலில், கசினோவுக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கணவர் ஓடிக்கொண்டிருந்தார். தடித்த மனுசன், மூட்டு வலிக்காரன், அண்ணாந்து பார்த்தபடி ஓடுகிறார். ஐஸ்கிரீம் கடை வரிசையில் நின்ற சனம் விலகி வழிவிட்டது. கொஞ்சம் தள்ளி, திருவிழா அண்ணை போனைத் தூக்கி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வடிவாகத்தான் இருந்தது.

மேடையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டெனிஷ் வழக்கப்படி "ஊறா, ஊறா" என்று ஒன்பது தடவை வாழ்த்திக் கத்தினார்கள். எங்கள் மேலாளர் கோப்பிக் கோப்பையை என் கையில் வைத்து, அடுத்ததாக உனக்காக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். எல்லோரும் ஆவலோடு பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போய் சோஃபாவில் படுக்கப் போகிறேன்" என்றேன்.

அந்த மேசைக்காரரிடம் இருபது வருடத்துக்குப் பிறகு என்னைப் பற்றி ஒரு உண்மை சொல்லியிருக்கிறேன். பகிடி என்று நினைத்து விழுந்து சிரித்தார்கள். ஈரத்தலைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "நானும்" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்றில் கலைந்திருந்த அவளுடைய தலைமயிரில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. என் கோபமும் அதோடு போய்விட்டது.

கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்து கைப்பையைத் தந்தார். நான் கையை நீட்டியபோது புறங்கையில் இருந்த எண்ணைக் கண்டார். காணாத மாதிரி என் ஜாக்கெட் கையை இழுத்து மூடிவிட்டார். கெட்டிக்காரன்.

திரும்பும் வழியில் பாலம் வருவதற்குச் சற்று முன்னால் போன் அடித்தது. கிரின்ஸ்டெட்டில் இருக்கும் அவருடைய அக்கா. காரின் ஒலிபெருக்கியில் குரல் நடுங்கியது.

"தம்பி, அவ கசினோக் கூரையில இருந்து பாய்ஞ்சவவாம், உண்மையே? நீ கீழ நிண்டு குளறினியாம். வீடியோ எல்லாருக்கும் வந்திட்டுது. எவ்வளவு காசடா விட்டவ?"

நான் கணவரைப் பார்த்தேன். பல் வைத்தியசாலைக்குப் பின்னால் கார் நிறுத்திய மனுசன். இப்போது என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறாரோ? அவர் தொண்டையைச் செருமினார்.

"ஓம் அக்கா, பாய்ஞ்சவதான். காசொண்டும் விடேல்லை. அவவுக்கு உயரம் எண்டால் சரியான விருப்பம். உங்களுக்குத் தெரியாதே? இருபது வரியமா அப்பிடித்தான்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா! மறுத்துச் சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டேன். கார் பாலத்தில் ஏறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே தண்ணீரைப் பார்த்தேன். கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுகரை வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.