பன்னிரண்டாவது கையெழுத்து

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை 11.40. ஓசூர் பேருந்து நிலையம்.

கிருஷ்ணகிரி பேருந்தில் மூன்றாவது வரிசையில் சன்னலோர இடம் கிடைத்தது. கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். மடியில் நூலகத்திலிருந்து எடுத்த சரித்திர நாவல் ஒன்று இருந்தது. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பழைய டிக்கெட்டைச் செருகி மூன்று வாரம் ஆகிவிட்டது. மீதி இருபத்தாறு பக்கத்தை மாலை மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் என் மகள் யாழினியின் இந்த வருட உழைப்பும் என்னோடு சேர்ந்து வீணாகிவிடும்.

எங்கள் ஊரில் தொழிற்சாலை ஆட்கள் சிலர் சேர்ந்து வருடா வருடம் ஒரு வாசிப்புச் சவால் நடத்துகிறார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு சரித்திர நாவல்களைப் படிக்க வேண்டும். படித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாவலையும் அதைப் படிக்காத, நமக்கு உறவில்லாத ஒருவரிடம் முழுக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்தியானால் நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் ஜோடியாகச் சேரலாம். ஒருவர் தவறினாலும் இருவரும் தவறியதாகவே கணக்கு. இருபத்துநான்கு கையெழுத்தையும் முடிக்கும் ஜோடிக்குப் பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருடம் எல்லோரும் படிக்கப்போகும் பன்னிரண்டு புத்தகங்களை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். யாழினி அந்தப் பட்டியலை ஆகஸ்ட் மாதமே எழுதி வைத்துவிட்டாள். இன்று கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் வருடக் கடைசி விருந்து, மூன்று மணிக்கு அங்கே நோட்டுகளை ஒப்படைக்க வேண்டும்.

அவள் அத்திப்பள்ளியில் வேலை பார்க்கிறாள். போன மார்ச்சில், ஜூஜுவாடி சர்வீஸ் சாலையில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போனது. இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தாள். இப்போது நன்றாக நடக்கிறாள், படியேறுகிறாள், சண்டை போடுகிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அதை எடுக்காமல் முதலில் அவளை அழைத்துவிடுகிறேன். கட்டிலில் கிடந்தபோது அவள்தான் இந்தச் சவாலில் சேர்ந்தாள். "நீயும் சேரும்மா, சும்மா என் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே" என்று என் பெயரையும் கொடுத்தாள். அவள் கட்டிலில், நான் பக்கத்து நாற்காலியில் என்று படித்தோம். அந்த மூன்று மாதம்கூடச் சந்தோஷமாகத்தான் போனது என்று இப்போது தோன்றுகிறது.

பதினோரு கையெழுத்து வாங்கிவிட்டேன். முதல் கையெழுத்து அவளுக்குக் கால் பயிற்சி கொடுக்க வந்தவருடையது. ஒன்று எங்கள் தொழிற்சாலைக் காவலாளி கன்னடத்தில் போட்டது. வேப்பனப்பள்ளி மாம்பழ வியாபாரி ஒருவர் சோழர் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சண்டை எல்லாம் சரி, அந்த வருசம் மழை பெஞ்சுதா இல்லியா, அத எழுதலியே" என்று கையெழுத்துக்குக் கீழே கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தார்.

பன்னிரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். கிருஷ்ணகிரிச் சீமையைப் பாராமகால் என்று அழைத்த கோட்டைக் காலத்துக் கதை அது. மலைக்கோட்டைத் தளபதிக்குச் செங்கமலம் என்று ஒரே மகள். கோட்டையைப் பகைவர் வளைத்துவிட, அடுத்த மலைக்குச் செய்தி கொண்டுபோக அவள் குதிரையேறுகிறாள். குதிரை பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடினேன். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை. யாழினியிடம் படித்து முடித்துவிட்டதாகவும் கையெழுத்து மட்டுமே பாக்கி என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

12.05. பேரண்டப்பள்ளி தாண்டிவிட்டோம்.

யாழினி காலையிலேயே குழுவின் வேனில் போய்விட்டாள். விபத்துக்குப் பிறகு இவ்வளவு தூரம் அவள் நான் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு மணி வரை வேலை இருந்தது. போன் செய்தேன்.

"அம்மா, காலையில இருந்து இது அஞ்சாவது போன். மலையடிவாரத்துலதான் இருக்கேன். மலையும் அங்கேயேதான் இருக்கு."

"சாப்பிட்டியா?"

"இப்பதான் அரிசியே களையுறாங்க. கையெழுத்து வாங்கிட்டியா?"

"பஸ்ல யாராவது வராமலா போவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புத்தகத்தைத் திறந்தேன். சன்னலுக்கு வெளியே ரோஜாப் பசுமைக்குடில்கள், கண்டெய்னர் லாரிகள், மறுபடி பசுமைக்குடில்கள். ஒரே வரியை நான்கு முறை படித்துவிட்டு மூடினேன்.

12.30. சூளகிரி.

கூட்டம் ஏறியது. நீலச் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பெயர் முனிரத்தினம்மா. முன்பு தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். இப்போது சூளகிரி தொழிற்பேட்டையில் பேக்கிங் பிரிவில் வேலை. ஞாயிறு அரை ஷிப்ட் முடித்துவிட்டு குருபரப்பள்ளியில் இறங்க வேண்டும். இவ்வளவையும் டிக்கெட் வாங்குவதற்குள் சொல்லிவிட்டார்.

"அது என்னா புக்குமா? பரிட்சை கிரிட்சை எழுதறியா?"

"கதைக்கா. சொல்லட்டுமா? கேட்டுட்டு ஒரு கையெழுத்து போடணும்."

"கையெழுத்துன்னா நான் எதுலயும் போடமாட்டேன். குழுக் கடன்ல போட்டதே போதும்."

நோட்டைக் காட்டி விளக்கினேன். பதினோரு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேள்விக்குறியைப் பார்த்துச் சிரித்தார். "சரி, சொல்லு. எங்க ஊரு இப்ப வந்துரும், சீக்கிரம் சொல்லு."

சொன்னேன். ஏற்கெனவே பதினோரு நாவலைச் சொல்லிப் பழகியதால் கதை தானாக வந்தது. கோட்டை, முற்றுகை, தானியக் கிடங்கில் எலி புகுந்தது, தளபதிக்கும் மகளுக்கும் வாக்குவாதம். சாமல்பள்ளம் வந்தபோது செங்கமலம் குதிரையில் ஏறிவிட்டாள். அங்கே என் வாய் வேறு பக்கம் திரும்பியது.

"கடைசி நிமிசத்துல அப்பா கடிவாளத்தைப் பிடிச்சு நிறுத்திடுறார். அவ போகல. வேற ஆள் போய் செய்தி சொல்லி, பகைவர் ஓடிப்போய், எல்லாரும் நல்லா இருந்தாங்க. அவ்ளோதான்க்கா."

முனிரத்தினம்மா பேனாவை வாங்கவில்லை. என் மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்தார்.

"அந்தச் சீட்டு எதுக்கு நடுவுல நிக்குது?"

"அது... அடையாளத்துக்கு."

"அடையாளம் இங்க நிக்குது. அந்தப் புள்ள போவலன்னா, மீதி இவ்ளோ பக்கத்துல அந்தாளு என்னாத்த எழுதிக்கிறான்? ரேசன் கடை லிஸ்ட்டா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் இன்னும் படிக்கலக்கா."

"படிக்காமயே கதை சொல்ல வந்துட்டியா? நாங்க பேக்கிங்ல ஒரு டப்பா குறைஞ்சாலும் மூட்டையத் திருப்பி அனுப்புவாங்க, தெரியுமா?"

ஏன் படிக்கவில்லை என்று கேட்டார். யாழினியின் காலைப் பற்றிச் சொன்னேன். ஜூஜுவாடியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் பரிதாபம் எதுவும் வரவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

"உம் பொண்ணு இப்ப எங்க?"

"கிருஷ்ணகிரியில. சமையல் வேலையில இருக்கா."

"அவ நல்லாத்தான இருக்கா? அப்ப இந்தப் பொண்ணு என்னா ஆனான்னு பாத்துரலாம். படி. வாய் விட்டுப் படி."

12.50. மேலுமலை வளைவுகளில்.

படித்தேன். முதல் பக்கத்தில் குரல் எழும்பவில்லை. குதிரையின் கால் பாறையில் வழுக்கியது. செங்கமலம் விழுந்தாள். நான் நிறுத்தினேன்.

"ம்" என்றார் முனிரத்தினம்மா. மாட்டை ஓட்டுகிற ஒலி போல இருந்தது அது.

தொடர்ந்தேன். பாறைகளுக்கு நடுவே கிடந்தவளை ஆடு மேய்க்கும் குடும்பம் ஒன்று தூக்கிக்கொண்டு போகிறது. மூங்கில் தப்பைகளை வைத்து அவள் காலைக் கட்டுகிறார்கள். "கட்டறப்ப கத்துனாளா?" என்று கேட்டார் நடத்துநர். அவர் எப்போது எங்கள் பக்கம் வந்து கம்பியில் சாய்ந்தார் என்று தெரியவில்லை. "கொஞ்சம் சத்தமா படிங்க மேடம், பின்னாடி கேக்க மாட்டேங்குது."

ஆடு மேய்ப்பவரின் மனைவி அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு அடுத்த மலைக்கு ஓடுகிறாள். எழுத்துத் தெரியாதவள், வழி முழுக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். ஓரிடத்தில் ஒரு சொல் மறந்துபோய் நின்றுவிடுகிறாள். அந்த இடத்தில் பின் சீட்டுக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் சாலையோரம் கிருஷ்ணகிரி பத்து கிலோமீட்டர் என்று பலகை ஓடியது.

"குருபரப்பள்ளி போயிருச்சே" என்றேன்.

"போவட்டும். அவளுக்கு ஞாபகம் வந்துச்சா இல்லியா, அதச் சொல்லு."

நடத்துநர் தலையைச் சொறிந்தார். "நான்தான் விசில் அடிக்க மறந்துட்டேன். டிக்கெட்டு வேணாம்மா, உக்காரு."

1.15. கிருஷ்ணகிரி பேருந்து நிலையம்.

இன்னும் ஐந்து பக்கம் இருந்தது. தேநீர்க் கடை ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு டீ, இரண்டு வடை, நாற்பது ரூபாய். நடத்துநர் நேரப் பதிவு செய்துவிட்டு ஓடி வந்தார். "நான் ரெண்டு பக்கம் விட்டுட்டேன், சுருக்கமா சொல்லுங்க" என்றார்.

செய்தி போய்ச் சேர்கிறது. முற்றுகை விலகுகிறது. செங்கமலம் பிழைக்கிறாள், ஊன்றுகோலோடு நடக்கிறாள், பிறகு ஊன்றுகோல் இல்லாமலும் நடக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் மறுபடி குதிரை கேட்கிறாள். தளபதி மறுக்கவில்லை. நல்ல குதிரையாகப் பார்த்துக் கொடுக்கிறார். ஆனால் அது நகரவே மாட்டேன் என்கிறது. தட்டினால் நின்றபடியே தூங்குகிறது. அப்புறம்தான் அவளுக்குத் தெரிகிறது, அப்பா ரகசியமாக அதற்குத் தினமும் இரண்டு மரக்கால் கொள்ளு ஊட்டிக் கொழுக்க வைத்திருக்கிறார். அவள் அப்பாவைத் திட்டிவிட்டு, கொள்ளுப் பானையைத் தன் அறையில் வைத்துப் பூட்டுகிறாள். ஒரு மாதம் கழித்து குதிரை ஓடுகிறது. கதை முடிந்தது.

முனிரத்தினம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சில் தூங்கியவர் எழுந்துவிட்டார். "எங்கூட்டுக்காரரும் இப்படித்தான். நான் கம்பெனிக்குப் போவக் கூடாதுன்னு சைக்கிள்ல காத்தப் புடுங்கி வுட்டாரு. நான் பம்பு வாங்கிட்டு வந்தேன்."

நானும் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். யாழினியின் ஸ்கூட்டர் எட்டு மாதமாக மெக்கானிக் அன்வரின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அவன் அதை ஏப்ரல் மாதமே சரிசெய்துவிட்டான். அவள் கேட்கும்போதெல்லாம் "ஒரு பார்ட் இன்னும் வரலை" என்று சொல்லச் சொன்னது நான்.

முனிரத்தினம்மா நோட்டை வாங்கித் தெலுங்கில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நடத்துநரும் போட்டார். விதிப்படி ஒன்று போதும், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

2.10. மலையடிவாரம், ஒரு உறுப்பினரின் மாந்தோப்பு. ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

"சோறு போடுவாங்கன்னா வரேன்" என்று முனிரத்தினம்மாவும் வந்தார். டிசம்பர் என்பதால் மரத்தில் காயில்லை, நிழல்தான். முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் உடம்பில் கம்பெனி பனியன். யாழினி பெரிய கரண்டியோடு பாத்திரத்துக்கு மேல் குனிந்து நின்றாள். எந்தக் காலில் அழுத்தம் கொடுக்கிறாள் என்று பார்த்தேன். இரண்டிலும்தான்.

மூன்று மணிக்கு நோட்டுகளைக் கொடுத்தோம். இருபத்துநான்குக்கு இருபத்தைந்து இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கதையைச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுவதற்குள் முனிரத்தினம்மா எழுந்துவிட்டார். முற்றுகையை இரண்டு வரியில் முடித்துவிட்டு நேராகக் கொள்ளுக்கு வந்தார். குதிரை நின்றபடி தூங்குவதை நடித்தே காட்டினார். முப்பது பேரும் சிரித்தார்கள். யாழினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் எழுந்து மாமரத்துக்குப் பின்னால் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"யாழி, உன் வண்டி ரெடியாத்தான் இருக்கு. நான்தான்..."

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"ஜூலை மாசத்துல இருந்து. ஊரே டூவீலர் பார்ட்டு செஞ்சு நாடு பூரா அனுப்புது. உன் கம்பெனியிலயே நீ தரம் பாக்குற. ஓசூர்ல ஸ்பேர் கிடைக்கலன்னு சொன்னா யாரும்மா நம்புவா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வேற எதையாவது கண்டுபிடிப்ப. இதாவது சிரிக்கிற மாதிரி இருந்துச்சு." அவள் கரண்டியை மரத்தில் சாய்த்து வைத்தாள். "பயமா இருக்கும்மா எனக்கும். அதுக்காக ஓட்டாமயே இருக்க முடியாதுல்ல."

அவள் அடுத்த வருடப் பட்டியலைப் படிக்கக் கிளம்பிப் போனாள். பன்னிரண்டில் ஐந்து கதைகளில் குதிரை இருப்பதாகப் பின்னர் தெரிந்தது.

மாலை 5.20. திரும்பும் பேருந்து.

வேனில் இடமிருந்தும் யாழினி என்னோடு பேருந்தில்தான் வந்தாள். முனிரத்தினம்மா குருபரப்பள்ளியில் சரியாக இறங்கினார். கையில் ஒரு டப்பா சோறும் எங்கள் குழுவின் சரித்திர நாவல் ஒன்றும் இருந்தன. அடுத்த வருடம் அவரும் மருமகளும் ஜோடியாம். தெலுங்கில் சொன்னால் செல்லுமா என்று கேட்டதற்குச் செல்லும் என்று குழுவினர் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பிறந்தது கோவில்பட்டி. ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஒரு பேருந்தில் மூன்று மொழி கேட்பதை இத்தனை நாளும் சத்தம் என்றே நினைத்திருந்தேன். அதே பேருந்தில் ஒரு பெண் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு எனக்காகக் கதை கேட்டார். கிருஷ்ணகிரி மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சாலையில் திரும்பும்போது சாலையைப் பார்க்காமல் மலையைப் பார்த்தது மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

யாழினி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சூளகிரி தாண்டியதும் அன்வருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

"அன்வர், நாளைக்குக் காலையில யாழினி வருவா. வண்டிய எடுத்துக்குவா."

அவன் அதைப் பொறுக்கி வைக்கும் சத்தமும் கேட்டது. பிறகு மிகவும் பொறுப்பாகக் கேட்டான். "பார்ட் வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு" என்றேன்.