மூன்றாவது சரணம்

அத்தானுடைய வலது கால் சும்மா இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவின் வோபர்ன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் அக்கா, அவள் கணவரான அத்தான், நான் என்று மூன்று பேர் இருந்தோம். சாப்பாட்டு மேசைக்குக் கீழே அந்தக் கால் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் கீழ்வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்தார். அக்கா வெட்கத்தில் செத்துப்போனாள். அத்தானோ சோற்றைப் பிசைந்தபடி தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டார். "மனுசன் தாளம் பிசகாமல் இடிக்கிறான்" என்றார். கால் நிற்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நானும் நாலு தரம் எழும்பித் தேத்தண்ணீர் போட்டுவிட்டேன். அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுகமான வேலை இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் அத்தான் ஒரு பெயருள்ள ஆள். உலகம் முழுக்க டிஸ்கோ, டிஸ்கோ என்று ஆடிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆட்கள் மட்டும் விடுவார்களா? கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் நாலு பெடியள் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். மற்ற மூவரும் வாத்தியம் வாசிப்பார்கள். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, மேடையில் ஆடிப் பாடுவது எல்லாம் அத்தான். தெருக் கூட்டுகிற பெல்பொட்டம், குதி உயர்ந்த வெள்ளைச் சப்பாத்து, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சட்டை. யாழ்ப்பாணத்தில் கார்னிவேல் மேடைகளில் அவர் ஒரு கையை மேலே உயர்த்தினால் முன்வரிசைப் பெண்கள் கீச்சிடுவார்களாம். அந்த முன்வரிசையில்தான் அக்காவும் இருந்தாள். தான் கீச்சிடவில்லை என்று அவள் இன்றுவரைக்கும் சாதிக்கிறாள். அப்பா, கூத்தாடிக்கோ பெண் கொடுக்கிறது என்று ஆறு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய பாட்டுகளில் நிலைத்தது ஒன்றுதான். உப்பளத்தில் உப்பு அள்ளுகிற பெண்ணைப் பார்த்து ஒருவன் பாடுவது.

உப்பு விளையுதடி, ஓரம் வெளுக்குதடி,
உன்னை நினைச்சதிலே உள்ளங்கால் வேகுதடி.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அத்தான் ஏதோ உப்பளத்தில் கிடந்து வெந்தவர் என்று நினைப்பார்கள். மனுசன் உப்பளத்தை ரயில் ஜன்னலால் பார்த்ததோடு சரி. வெள்ளவத்தை அறையில், மின்விசிறிக்குக் கீழே சாரத்தைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடந்து எழுதிய பாட்டு அது. பழைய கீர்த்தனைக்காரர்கள் கடைசிச் சரணத்தில் தங்கள் பெயரை முத்திரையாக வைப்பார்கள் அல்லவா? அத்தானும் பகிடிக்கு அப்படிச் செய்திருந்தார். மூன்றாவது சரணத்தில் அந்தப் பெண், கூடையை இறக்கிவைத்துவிட்டு, தன்னைப் பாடிய இன்னார் எங்கே என்று பெயர் சொல்லித் தேடுவாள். அந்த இடம் வந்ததும் சனம் எழும்பி அவர் பெயரைக் கத்துமாம்.

பாட்டு ஒரு சின்ன இசைத்தட்டாக வந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அந்த அறை எரிந்தபோது அவரிடம் இருந்த தட்டுகள் அத்தனையும் போயின. பிறகு ஆளுக்கு ஆள் கசெற்றில் பதிந்து, பதிந்ததை இன்னொருவர் பதிந்து, எழுதியவர் யாரென்று தெரியாமலே பாட்டு ஊர் சுற்றியது. மூன்றாவது சரணம் நீளம் என்று பாடுகிறவர்களும் அதை விட்டுவிட்டார்கள்.

ரொறன்ரோவில் அத்தானுக்குக் கிடைத்தது, மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. கார் வாங்கும்வரை மூன்று பஸ் மாறிப் போவார். தட்டுகளில் ஒட்டுகிற லேபல்களின் பின்பக்கம் பாட்டு எழுதிக்கொண்டு வருவார். அந்த லேபல்கள் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டிக்கிடக்கும். எதை எறிவது, எதை வைப்பது என்று அக்காவுக்குத் தெரியாது. சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் விழா, கல்யாணம் என்று மண்டபங்களில் பாடப் போவார். அங்கே சனத்துக்குச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டும். புதிதாக எழுதியதைத் தொடங்கினால் சாப்பாட்டு வரிசை நீண்டுவிடும்.

ஒருமுறை ரெக்ஸ்டேலில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நானும் கூடப் போயிருந்தேன். கேக் வெட்டுவதற்கு முன் அத்தான் உப்புப் பாட்டில் முதல் இரண்டு சரணத்தைப் பாடினார். ஆட்கள் ஆடினார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து அவருடைய தோளில் தட்டி, உது எங்கட பழைய ஊர்ப்பாட்டெல்லோ, என்ர அப்புவும் பாடுறவர் என்றார். அத்தான் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் திரும்பி வரும்போது அவரால் காரில் இருக்க முடியவில்லை. ஜன்னலை இறக்குகிறார், ஏற்றுகிறார். கடைசியில் என்னிடம் சொன்னார்.

"ஒரு பாட்டு, மச்சாள். ஒரே ஒரு பாட்டு. அதை நான்தான் எழுதினது எண்டு ஒரு சபையில ஒருக்கா சொல்லிப்போட்டா எனக்குக் காணும். பிறகு புதுப்பாட்டையும் சனம் கேக்கும்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் நான் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் செயலாளர். பள்ளியின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன், ஆனால் பொப் பாட்டு என்றால் அவருக்கு வாந்தி வரும். அந்த வருடப் போட்டியில் சின்னப் பிள்ளைகளுக்கு நாட்டார் பாடல் என்று ஒரு பிரிவு வைத்தார். இயற்றியவர் பெயர் தெரியாத பாட்டுகள் மட்டும்தான் சேரும் என்பது விதி. பாட்டுகள் காணாது, யாராவது தாருங்கள் என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் உப்புப் பாட்டை எழுதிக் கொடுத்தேன்.

யோசிக்காமல் என்று சொல்வது பொய். நன்றாக யோசித்துத்தான் கொடுத்தேன். பெயர் வருகிற மூன்றாவது சரணத்தை விட்டுவிட்டு எழுதினேன். மாஸ்ரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். மண் மணக்குது என்றார். யார் இயற்றியது என்று கேட்டார். தெரியாது மாஸ்ரர், ஊர்ப்பாட்டு என்றேன். அவரே அதற்கு மேலே, உப்பளத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தது என்று ஒரு குறிப்பும் எழுதினார். அதைப் போட்டிப் புத்தகத்துக்குத் தட்டச்சுச் செய்தது நான். என் நினைப்பு என்னவென்றால், முதலில் பாட்டு உள்ளே போகட்டும், பிள்ளைகள் பாடிச் சபை கைதட்டட்டும், பிறகு ஆறுதலாக உண்மையைச் சொன்னால் மாஸ்ரரும் வாய் திறக்க மாட்டார் என்பது. எத்தனை கெட்டித்தனம் பாருங்கள்! அத்தானிடமும் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

போட்டியன்று எங்களைக் கொண்டுவந்து விடுவதற்காக அத்தானும் வந்தார். ஒரு உயர்பள்ளியின் பெரிய மண்டபம். அவர் கடைசி வரிசையில் இருந்தார். முதலாவதாக ஒரு சின்னப் பெண் இடுப்பில் கூடையோடு, பஞ்சை உப்பாக நிரப்பிக்கொண்டு வந்து பாடத் தொடங்கினாள். நான் மேடையோரத்தில் நின்று அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையாலும் முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னே சாய்ந்துவிட்டார். இரண்டாம் சரணம் முடிந்தது. அவர் மூன்றாவதுக்குக் காத்திருந்தார். பிள்ளை கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த பிள்ளை தெரிந்தெடுத்ததும் அதே பாட்டு, அதே இரண்டு சரணம். அதற்கடுத்த பிள்ளையும் அப்படியே. ஒவ்வொரு தரமும் அவர் முகம் ஒருக்கால் மலர்ந்து ஒருக்கால் விழுந்ததை நான் பார்த்தேன். யாரோ பக்கத்திலிருந்தவர் புத்தகத்தை அவரிடம் நீட்டினார். அவர் அந்தக் குறிப்பை வாசித்தார்.

மதிப்பெண் கூட்டுகிற இடைவேளையில் அத்தான் மேடையில் ஏறினார். யாரும் அழைக்கவில்லை. ஒலிவாங்கியைக் கழற்றிக் கையில் எடுத்த விதத்திலேயே மண்டபம் அடங்கிவிட்டது; அந்தக் கைக்கு அது பழகின வேலை. மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளைகள் வடிவாகப் பாடினார்கள், ஆனால் இது நாட்டார் பாடல் இல்லை, நான் எழுதியது, இதற்கு இன்னொரு சரணம் இருக்கிறது என்றார். பிறகு அதைப் பாடினார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு, முழுக் குரலில், தன் பெயர் வருகிற இடத்தில் கையை மேலே உயர்த்தி. பின்னால் யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திவிட்டார்.

தாய்மார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அப்படியென்றால் இந்தப் பாட்டைப் பாடிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் இல்லையா என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். கூடையோடு பாடிய அந்தப் பிள்ளை தாயின் மடியில் அழுதது. மாஸ்ரர் பதறிப்போய் மேடைக்கு வந்தார். ஒரு சரணத்தை யாரும் கட்டிச் சேர்க்கலாம்தானே என்று அத்தானிடம் சொன்னவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, பாட்டைத் தந்தது நீங்கள்தானே. நீங்கள் தந்ததில இந்தச் சரணம் இருந்ததோ?"

முழு மண்டபமும் என்னைப் பார்த்தது. அக்கா பார்த்தாள். அத்தான் பார்த்தார், அந்தப் பார்வையில் நிம்மதி இருந்தது. நான் சொல்வேன் என்று நம்பிய நிம்மதி. செயலாளர் பொய் சொன்னவள், அத்தனை பிள்ளைகளின் போட்டியையும் கெடுத்தவள் என்று ஊர் பேசப்போவது மட்டும்தான் எனக்கு அந்த நேரம் தெரிந்தது.

"இல்லை மாஸ்ரர். நான் குடுத்ததில உது இருக்கேல்லை."

சொல்லுக்குச் சொல் உண்மை. இதைவிடக் கேவலமான உண்மையை நான் என் சீவியத்தில் சொன்னதில்லை.

அத்தான் ஒலிவாங்கியைத் திரும்பத் தண்டில் மாட்டினார். மாட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தண்டை இறக்கி, திருகை இறுக்கினார். பிள்ளைகளைக் குழப்பியதற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அக்கா அவரைத் திட்டித் தீர்த்தாள். சின்னப் பிள்ளைகளின் மேடையில் ஏறிப் பெயர் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா என்றாள். நான் பின்சீற்றில் போட்டிப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"எந்தச் சரணத்தை விட்டா அது ஊர்ப்பாட்டாகும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இந்த நாட்டில ரெண்டு பேர்தான், மச்சாள்."

அக்காவுக்கு விளங்கவில்லை. விளக்கு பச்சையானது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. என்னோடு வழக்கம்போலப் பகிடி விட்டார், என் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தார். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

சில வருடங்கள் கழித்து, ஸ்காபரோவில் ஒரு கடைக்காரர் துணிந்து அத்தானின் பாட்டுகளைக் கசெற்றாகப் போட்டார். முதல் பிரதியை அத்தான் எனக்குத்தான் கொண்டுவந்து தந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது புதுப்பாட்டுக்கும் பாடல், இசை என்று அவருடைய பெயர் அச்சடித்திருந்தது. பத்தாவது உப்புப் பாட்டு. அதற்கு நேரே, நாட்டார் பாடல் என்று இருந்தது. போட்டுக் கேட்டேன், இரண்டு சரணம்தான் பாடியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன அத்தான் இது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஊர்ப்பாட்டு என்றால்தான் போட்டியில் பாடிய பிள்ளைகளின் வீடுகளில் வாங்குவார்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"செயலாளர் சபையில சொன்னதை நான் மறுக்கலாமோ?" என்று சிரித்தார்.

அந்த ஒன்பது பாட்டையும் இன்று யாரும் கேட்பதில்லை. அத்தான் காலமாகி ஏழு வருடமாகிறது. போன மாதம், வேலைக்குக் காரில் போகும்போது, தமிழ் வானொலியில் இங்கேயே பிறந்த ஒரு பிள்ளை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள். அடுத்தது உப்பளத் தொழிலாளரின் பாரம்பரியப் பாட்டு என்று சொல்லி, அவருடைய குரலிலேயே அதைப் போட்டாள். காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு நிலையத்துக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பாட்டை எழுதியவர் அவர், நாட்டார் பாடல் என்று பொய் சொன்னவள் நான் என்றேன். மூன்றாவது சரணத்தையும் தொலைபேசியிலேயே, என் கரகரத்த குரலில், பெயரோடு பாடிக் காட்டினேன். அந்தப் பிள்ளை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, வயதான ஆட்களோடு பேசுகிற அந்தப் பொறுமையான குரலில் சொன்னாள்.

"சொறி அன்ரி, கசெற் கவர் என்ர கையில இருக்கு. நாட்டார் பாடல் எண்டு அவரே போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இருக்குமே?"